மத்தியானச் சோறு மறுகா எங்கே போகிறது?

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 58 வயது, படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய முதல் மலசலகூடத்துக்கு ஓட வேண்டி வருகிறதாம். “என்ட வயித்தில ஒண்டும் நிக்குதில்ல, திண்டது அப்படியே போகுது” என்று சொல்லிச் சொல்லி இப்போது சோற்றையே பாதியாகக் குறைத்து விட்டார். சாப்பிட்ட சோறு உண்மையில் உள்ளே எவ்வளவு நேரம் நிற்கும், எங்கெங்கே போகும் என்பதுதான் கேள்வி. கூடவே இரண்டு சில்லறைக் கேள்விகள்: தயிர் மந்தம் என்று அம்மா சொல்வது சரியா? சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்கலாமா?

முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான், மருத்துவன் இல்லை. வயிறு எப்படி வேலை செய்கிறது என்று என்னால் சொல்ல முடியும். உங்கள் அப்பாவின் வயிற்றைப் பார்க்க வேண்டியவர் டொக்டர்தான்.

முதலில் அப்பாவின் கவலையைத் தீர்த்து விடுவோம். இன்று மத்தியானம் சாப்பிட்ட சோறு இன்று மத்தியானம் வெளியே போகவில்லை. போக வழியே இல்லை. கை கழுவுகிற அந்த நேரத்தில் அவர் சாப்பிட்டது கிட்டத்தட்ட முழுவதும் இரைப்பைக்குள் இருக்கிறது. வெளியே போனது நேற்றைய சாப்பாடு, சில வேளை முந்தநாளையது.

அவர் வேளாண்மைக்காரர் என்பதால் இப்படிச் சொன்னால் விளங்கும். நவகிரிக் குளத்தில் துருசு (மதகு) திறக்கிற அன்று கடைசிக் கண்டத்து வடிச்சலில் தண்ணீர் ஓடினால், அது அன்று திறந்த தண்ணீர் என்று அவர் சொல்வாரா? வரம்புக்குள் ஏற்கெனவே நின்ற தண்ணீர்தான் ஓடுகிறது. மேலே புதுத் தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்ததும் வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை கீழே ஆளனுப்பி வடிச்சலைத் திறக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். உடம்பிலும் அதே கதை. இரைப்பை சோற்றால் விரிந்ததும், முக்கியமாகக் கொழுப்புச் சேர்ந்த சாப்பாடு சிறுகுடலைத் தொட்டதும், நரம்பு வழியாகவும், குருதியில் போகிற தூதுப்பொருளான ஓமோன் வழியாகவும் பெருங்குடலுக்குச் செய்தி போகிறது. பெருங்குடல் சுருங்கி, தன்னிடம் இருந்த பழைய சரக்கைக் கீழே தள்ளுகிறது. எல்லாருக்கும் இது நடக்கிறது. பால் குடித்த கையோடு பச்சைப்பிள்ளை துணியிலேயே மலம் போவதும் இதனால்தான். சிலருக்கு இந்தச் செய்தி மெதுவாகக் கேட்கிறது, சிலருக்கு உரத்துக் கேட்கிறது. அப்பா உரத்துக் கேட்கிற ஆள் போல இருக்கிறது.

சரி, அந்தச் சோறு மறுகா எங்கே போகிறது? அவருடைய கோப்பையிலிருந்தே தொடங்குவோம். சிவப்பரிசிச் சோறு, கீரி மீன் ஆணம், பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் ஒரு அகப்பை எருமைத் தயிர் என்று வைத்துக் கொள்கிறேன்.

வாயில் நடப்பதைப் பலரும் பல்லின் வேலை என்று நினைக்கிறார்கள். பாதி வேலை உமிழ்நீருடையது. நாளொன்றுக்கு ஒரு லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை சுரக்கிறது. அதிலுள்ள அமிலேசு என்ற நொதியம் சோற்றின் மாப்பொருளை வெட்டிச் சிறிய வெல்லங்களாக்குகிறது. வகுப்பில் இதற்கு நான் ஆய்வுகூடத்தைத் திறந்ததே இல்லை. மதிய இடைவேளையில் ஒரு பிடி வெறுஞ்சோற்றைக் கறி படாமல் வாயில் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்று பார்க்கச் சொல்வேன். முதலில் சப்பென்று இருக்கும். பிறகு மெல்ல இனிக்கத் தொடங்கும். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சீனி யாரும் போடவில்லை, சோறே சீனியாகிறது. அப்பாவையும் ஒரு நாள் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

விழுங்குவது மிகச் சிக்கலான வேலை, ஆனால் ஒரு நொடியில் முடிந்து விடுகிறது. காற்றுப் போகிற வழியும் சோறு போகிற வழியும் தொண்டையில் ஒன்றையொன்று கடக்கின்றன. விழுங்குகிற கணத்தில் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழல்வாய் மூடி கவிழ்ந்து காற்று வழியை அடைக்கிறது. கதைத்துக் கொண்டே சாப்பிட்டால் அந்த நேரக்கணக்குப் பிசகி ஒரு பருக்கை தவறான வழியில் போகப் பார்க்கும். உடனே புரைக்கேறும். “ஆரோ நினைக்கிறாங்க” என்று தலையில் தட்டுவோம். தட்டுவதால் நன்மை ஒன்றும் இல்லை. இருமுகிறவரை இரும விடுவதுதான் நல்லது, இருமல்தான் பருக்கையை வெளியே எறிகிறது. கீரி மீன் முள் தொண்டையில் குத்தினால் சோற்றை உருண்டையாக விழுங்கச் சொல்லும் பழக்கமும் நம்மிடம் உண்டு. முள் இன்னும் ஆழமாக ஏறக்கூடும் என்பதால் மருத்துவர்கள் அதை விரும்புவதில்லை. வலி நின்றபாடில்லை என்றால் போய்க் காட்டி எடுப்பித்துக் கொள்ளுங்கள்.

தொண்டைக்குக் கீழே களம். 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக் குழாய். சோறு இதில் பாரத்தால் விழுவதில்லை. பின்னால் இருக்கும் தசை வளையம் சுருங்க, முன்னால் இருப்பது தளர, அலை போலத் தள்ளப்பட்டுப் போகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் இரைப்பைக்குத்தான் போகும். பத்து நொடிக்குள் பயணம் முடிந்து விடும். பாடசாலைப் புத்தகம் இதைச் சுற்றுச்சுருக்கசைவு என்கிறது. இங்கிருந்து கடைசி வரைக்கும் சாப்பாட்டை நகர்த்துவது இந்த அலைதான்.

இனி இரைப்பை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மூன்று கேள்விகளும் இங்கேதான் வந்து முட்டுகின்றன.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பது இருநூறு வருடத்துக்கு முன்பு யாருக்கும் சரியாகத் தெரியாது. அரைக்கும் ஆலை என்றார்கள் சிலர், அவிக்கும் பானை என்றார்கள் சிலர், அழுகும் இடம் என்றவர்களும் உண்டு. 1822 யூன் 6 ஆம் திகதி வட அமெரிக்காவில் மக்கினாக் தீவில், அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற தோல் வணிகக் கூலியாளின் வயிற்றில் பக்கத்திலிருந்து தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் வைத்தியம் பார்த்தார். ஆள் பிழைத்து விட்டார், ஆனால் இரைப்பையிலிருந்து வெளித் தோல் வரை ஒரு துவாரம் மூடாமல் நின்று விட்டது. போமன்ட் என்ன செய்தார் தெரியுமா? இறைச்சித் துண்டையும் பாணையும் பட்டு நூலில் கட்டி அந்தத் துவாரத்தால் உள்ளே விட்டு, மணிக்கொரு தரம் இழுத்து இழுத்துப் பார்த்தார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்து, போத்தலில் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து, அதில் இறைச்சி கரைவதையும் காட்டினார். இருநூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகளை 1833 ஆம் ஆண்டு வெளியிட்டார். சென் மார்ட்டினுக்குக் கோபம் வந்த நேரங்களில் செமிபாடு குழம்பியதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். சோற்றுக்கு முன்னால் இருத்தி வைத்துக் கணக்கு வழக்கைத் தொடங்குகிற வீட்டார் கவனிக்க வேண்டிய குறிப்பு. துவாரத்தோடேயே வாழ்ந்த சென் மார்ட்டின், போமன்ட் இறந்து 27 வருடம் கழித்து, 1880 இல்தான் செத்தார்.

அந்தச் சாற்றில் இருப்பது ஐதரோக்குளோரிக் அமிலமும் பெப்சின் என்ற நொதியமும். நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு லீற்றர். தேசிக்காய்ப் புளியை விடக் கடுமையாகவும் இருக்கலாம். அப்பா சாப்பிட்ட கீரி மீனின் புரதம் இந்த அமிலத்தில் பிரிந்து குலைந்து போகிறது, பெப்சின் அதை வெட்டத் தொடங்குகிறது. வழியில் ஒட்டி வந்த கிருமிகளில் பெரும்பகுதி இங்கே செத்துப் போகிறது. இரைப்பையும் சதைதானே, அது ஏன் கரைந்து போவதில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவன் கேட்பான். உட்சுவர் முழுவதும் வழுவழுப்பான சீதப் படலம் ஒன்று பூசியிருக்கிறது. அமிலத்தை நடுநிலையாக்கும் இருகாபனேற்று அந்தப் படலத்துக்குள் தேங்கி நிற்கிறது. சுவரின் மேல் கலங்களும் சில நாட்களுக்கு ஒரு தடவை புதிதாகி விடுகின்றன.

அந்தப் பூச்சுக் கெட்டால்தான் குடற்புண். அதற்கு மிளகாயைக் குற்றம் சொல்லி நம் வீடுகளில் பல காலம் கறியை வெள்ளையாகச் சமைத்தோம். உறைப்பு எரிவைக் கூட்டும். வாய் எரிவதும் வயிறு எரிவதும் ஒரே மாதிரியான நரம்பு வேலை. ஆனால் பெரும்பாலான புண்ணைத் தொடக்கி வைப்பது ஒரு பக்டீரியா. அவுஸ்திரேலியாவின் பேத் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இருவர் அதைச் சொன்னபோது மருத்துவ உலகம் நம்பவில்லை. அமிலத்துக்குள் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று கேட்டார்கள். 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் சத்தியும் வந்தன, இரைப்பை அழன்று போயிருந்தது. 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு. இரண்டாவது பெரிய காரணம் வலி மாத்திரை. வெட்டுக் காலத்தில் முதுகு வலிக்கு டைக்ளோபினாக்கை வெறும் வயிற்றில் போட்டு பிளேன்ரீ குடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அப்பா அந்த ரகமா என்று பாருங்கள், மிளகாயை விட அதுதான் பயப்பட வேண்டியது.

அமிலத்தை எல்லாரும் பேசுகிறார்கள், இரைப்பையின் வாசலை யாரும் பேசுவதில்லை. எனக்கு முழுச் செமிபாட்டிலும் பிடித்த உறுப்பு அந்த வாசல். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. துருசுக் கதவு என்றே வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே சோறு கடைபட்டுக் கடைபட்டுக் கூழாகிறது. இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த துகள்தான் அந்த வாசலால் போகலாம். பெரிதாக இருந்தால் கதவில் மோதித் திரும்பி மறுபடி கடைபட வேண்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுபடும். கீழே சிறுகுடலில் கொழுப்போ அமிலமோ கூடினால் அங்கிருந்து செய்தி வரும்: கதவைச் சாத்து, முதலில் இதை முடிக்க விடு. வெறுந்தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கடந்து போய் விடும். வழக்கமான சோற்றுச் சாப்பாட்டுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம். கொழுப்புக் கூடின கலியாணச் சாப்பாடு என்றால் அதற்கும் மேல்.

இப்போது தயிர்க் கேள்விக்கு வரலாம். அம்மா சொல்வதில் பாதி சரி. எருமைப் பாலில் ஏழெட்டு வீதம் கொழுப்பு இருக்கிறது, பசுப்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கவிழ்த்தாலும் விழாத சட்டித் தயிரின் இறுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். கொழுப்பு வந்ததும் வாசல் மெதுவாகிறது, வயிறு நிறைந்த உணர்ச்சி நீள்கிறது. மந்தம் என்று நம்மவர்கள் சொல்லுகிறது இதைத்தான். கெட்டுப் போனதாக அர்த்தம் இல்லை. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுக்கிறவருக்கு அமிலம் மேலே எதிர்த்து வந்து நெஞ்செரிவு வரலாம். மத்தியானம் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொரு பக்கமும் உண்டு. பால் குடித்தால் வயிறு பொருமுகிற பலருக்குத் தயிர் ஒத்துக் கொள்ளும். பாலிலுள்ள வெல்லத்தில் ஒரு பங்கைப் புளிக்க வைத்த பக்டீரியாவே முதலில் சாப்பிட்டு விடுகிறது.

தண்ணீர்க் கேள்விக்குப் பதில் சின்னது. குடிக்கலாம். ஒரு கப் தண்ணீரால் அமிலம் “கரைந்து” செமிபாடு நிற்பதில்லை. இரைப்பை வேண்டிய அளவுக்கு மறுபடி சுரந்து கொள்ளும்.

மறுகா சிறுகுடல். இரைப்பை இல்லாமல் கூட மனிதர் வாழ்கிறார்கள், புற்றுநோய்க்காக அதை முழுவதும் வெட்டி எடுத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட்டுச் சமாளிக்கிறார்கள். சிறுகுடல் இல்லாமல் அப்படி முடியாது. அசல் செமிபாடும் அகத்துறிஞ்சலும் நடப்பது அங்கேதான். புத்தகம் அதன் நீளம் ஆறு மீற்றர் என்கிறது. உயிரோடு இருக்கும்போது தசை இறுக்கத்தால் அதை விடக் குறைவு.

முதல் 25 சென்ரிமீற்றர் முன்சிறுகுடல். இரைப்பையிலிருந்து வரும் புளித்த கூழ் இங்கே விழுந்ததும் சுவரிலிருந்து ஒரு ஓமோன் குருதியில் கலந்து, பின்னால் படுத்திருக்கும் சதையி (கணையம்) என்ற சுரப்பிக்குப் போய்ச் சொல்கிறது: அமிலம் வந்து விட்டது, காரம் அனுப்பு. 1902 இல் இலண்டனில் பேலிஸ், ஸ்ராலிங் இருவரும் கண்டுபிடித்த இந்தச் செக்கிரிற்றின்தான் மனிதன் முதன்முதல் அறிந்த ஓமோன்களில் தலையாயது. ‘ஓமோன்’ என்ற சொல்லே அதற்குப் பின்தான் வந்தது. சதையி அனுப்பும் சாற்றில் புரதம், மாப்பொருள், கொழுப்பு மூன்றுக்கும் நொதியம் உண்டு. புரதம் வெட்டும் திரிப்சினை உறையில் போட்ட கத்தி போலச் செயலற்ற வடிவில்தான் அனுப்புகிறது. குடலுக்குள் வந்த பிறகுதான் உறை கழல்கிறது. வழியிலேயே கழன்றால் சதையி தன்னைத் தானே அரித்துக் கொள்ளும், அது உயிராபத்தான நோய்.

ஈரல் அனுப்புவது பித்தம். நம் பேச்சில் தலைச்சுற்றுக்கும் பித்தம், வாய்க் கசப்புக்கும் பித்தம், மாமியின் கோபத்துக்கும் பித்தம். உள்ளே இருக்கும் பித்தத்துக்கு வேலை ஒன்றுதான் பிரதானம். மீன் சட்டி கழுவப் போடுகிற சவர்க்காரத்தின் வேலை. தயிர்க் கொழுப்பையும் தேங்காய்ப்பால் கொழுப்பையும் பொடிப் பொடித் துளியாக உடைத்து, நொதியம் வெட்டக் கூடிய அளவுக்குக் கொண்டு வருகிறது. வேலை முடிந்ததும் பித்த உப்பில் 95 வீதம் வரை குடலின் கடைசியில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்புகிறது.

வெட்டிப் பொடியாக்கியதை உடம்புக்குள் எடுப்பது சடைமுளைகள். வீட்டில் ஆட்டுக்குடல் சமைக்கிறவர்கள் இதைக் கையால் தொட்டிருப்பார்கள். சிறுகுடலை நீளவாக்கில் வெட்டிக் கழுவி, உட்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணி மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தால் மயிர் போலச் சின்னச் சின்னதாக அசையும். அவைதான். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான உயரம். (துவாலை போலத் தடிப்பாக முள்ளு முள்ளாக இருப்பது ஆட்டின் அசைபோடும் இரைப்பை, அது வேறு. அதைக் கொண்டு வந்து சடைமுளை என்று காட்டிய ஒரு மாணவனை நான் பாராட்டிவிட்டு, மார்க்சை மட்டும் வெட்டினேன்.) இந்தச் சடைமுளைகளால் சிறுகுடலின் உட்பரப்பு பெரிதாகிறது. பழைய புத்தகங்கள் ரெனிஸ் மைதானம் அளவு என்று எழுதின. 2014 இல் சுவீடனில் மறுபடி அளந்தவர்கள் கிட்டத்தட்ட 30 சதுர மீற்றர் என்றார்கள். ஒரு நல்ல விறாந்தையின் அளவு. அதுவே ஒரு வயிற்றுக்குள் மடித்து வைக்கக் கொஞ்சமில்லை. அந்தப் பரப்பின் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. வெல்லமும் அமினோ அமிலமும் குருதியில் ஏறி நேரே ஈரலுக்குப் போகின்றன. கொழுப்பு நிணநீர் வழியாகச் சுற்றிப் போகிறது.

ஒரு கணக்கைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனமில்லை. நாம் நாளொன்றுக்குக் குடிப்பதும் சாப்பாட்டோடு சேர்வதுமாக இரண்டு லீற்றர் தண்ணீர். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையிச் சாறு, குடற்சாறு என்று உடம்பு தானே உள்ளே ஊற்றுவது ஏறத்தாழ ஏழு லீற்றர். மொத்தம் ஒன்பது. இதில் சிறுகுடல் ஏழரை வரையும், பெருங்குடல் மிச்சத்தில் பெரும்பகுதியையும் திருப்பி எடுத்து, கடைசியில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான் மலத்தோடு போகிறது. இப்போது வயிற்றோட்டம் ஏன் ஆளைக் கொல்கிறது என்று விளங்கும். சாப்பிட்டது போவதால் இல்லை. உடம்பு தன் குருதியிலிருந்து எடுத்து ஊற்றிய தண்ணீரும் உப்பும் திரும்ப வராமல் போவதால்.

2004 மார்கழியில் கடல் வந்து போன பிறகு நான் படிப்பித்த பாடசாலையும் முகாமாக இருந்தது. மாணவர்களை வைத்துக் கொண்டு தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றி, ஜீவனி என்ற சீனி உப்புப் பொடியைக் கரைத்துக் கொடுத்தோம். அப்போது ஒரு தாய் கேட்டார்: “வயித்தால போற புள்ளைக்கு எதுக்கு சேர், சீனித் தண்ணி? உப்பு மட்டும் காணாதா?” காணாது. சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. குளுக்கோசும் சோடியமும் சோடியாக வந்தால்தான் அது திறக்கும், திறந்தால் தண்ணீரும் கூடவே போகும். எத்தனை தடவை வயிற்றால் போனாலும் பெரும்பாலும் அந்த வாசல் கெடுவதில்லை. 1971 இல் வங்காள எல்லையில் பொங்கான் அகதி முகாமில் கொலராவுக்குச் சேலைன் தீர்ந்து போனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் பீப்பாய்களில் இந்தச் சீனி உப்புக் கரைசலைக் கலக்கி வைத்து வாயால் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். ஜீவனி இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை அதற்கு மேல் கூட்ட வேண்டாம். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சியும் அதே வேலையைச் செய்யும். மாப்பொருள் உடைந்து குளுக்கோசாகத்தானே வருகிறது.

சிறுகுடலைக் கடக்க மூன்று முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆகவே அப்பா பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட சோற்றின் மிச்சம் பெருங்குடல் வாசலுக்கு வரும்போது இருட்டி விடும்.

பெருங்குடல் ஒன்றரை மீற்றர்தான், ஆனால் பயணத்தில் மிக நீண்ட தங்கல் அங்கேதான். அரை நாளிலிருந்து ஒன்றரை நாள், சிலருக்கு அதற்கும் மேல். தண்ணீரை இழுத்துக் கொள்வது ஒரு வேலை. மற்றது கோடி கோடியான பக்டீரியாக்களுக்குச் சாப்பாடு போடுவது. முருங்கையிலையின் நார், பருப்பில் நம்மால் உடைக்க முடியாத வெல்லங்கள், ஆறி இறுகிய சோற்றின் ஒரு பங்கு மாப்பொருள் எல்லாம் செமிக்காமல் இங்கே வருகின்றன. அவற்றைப் பக்டீரியா புளிக்க வைத்து, பெருங்குடலின் சுவர்க் கலங்களுக்கே உணவாகிற கொழுப்பமிலங்களைக் கொடுக்கிறது. பழஞ்சோறு சாப்பிட்டு வயலுக்குப் போன தலைமுறை இந்த விஷயத்தில் தவறு செய்யவில்லை. கூடவே வாயுவும் வரும். பலாக்கொட்டைக் கறி சமைத்த வீட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மலத்தின் மண்ணிறம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். செத்த செங்குருதிக் கலங்களின் நிறப்பொருள் ஈரலில் மாறி, பித்தத்தோடு வந்து, பக்டீரியாவின் கையில் பழுப்பாகிறது. பித்தவழி அடைபட்டால் மலம் வெண்களி போலப் போகும், கண் மஞ்சளாகும்.

வயிறு கத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பிட்டு முடிந்து குடல் வெறுமையானதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போல ஒரு பலமான அலை இரைப்பையிலிருந்து கீழ் வரை ஓடி, மிச்சம் மீதியைக் கூட்டித் துடைக்கிறது. காற்றும் தண்ணீரும் அதில் அகப்பட்டுச் சத்தம் போடுகின்றன. கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்திப் பாடும் மீனுக்குக் காது கொடுக்கிறவர்களில் சிலர் தங்கள் வயிற்றைக் கேட்டு விட்டு வந்திருப்பார்கள் என்பது என் நீண்ட நாள் சந்தேகம்.

இனி அப்பா. சாப்பிட்டதும் போக வேண்டி வருவது இளமையிலிருந்தே இருந்தால், நிறை குறையாமல் இருந்தால், அவர் சோற்றைக் குறைக்கத் தேவையே இல்லை. ஒரேயடியாக மலைபோலச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடலாம், எண்ணெயையும் கட்டித் தேங்காய்ப்பாலையும் குறைத்துப் பார்க்கலாம், அந்தச் செய்தி கொஞ்சம் தணிந்து கேட்கும். ஆனால் இந்தப் பழக்கம் கடந்த சில மாதத்தில் புதிதாகத் தொடங்கியது என்றால் கதை வேறு. 58 வயதில் புதிய மாற்றம், மலத்தில் இரத்தம், தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாமல் மெலிவது, நித்திரையிலிருந்து எழுப்பி விடுகிற வயிற்றுப்போக்கு, விழுங்கும்போது தடைபடுவது — இதில் ஒன்று இருந்தாலும் என் பதிலை மடித்து வைத்து விட்டு இந்தக் கிழமையே டொக்டரிடம் கூட்டிப் போங்கள். (இரும்புச்சத்து மாத்திரை குடிப்பவருக்கும் மலம் கறுக்கும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.) சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை வட்டாவை இழுக்கிறவர் என்றால் அதையும் கேட்டு வையுங்கள். வெற்றிலை எச்சிலைச் சுரக்க வைக்கும், உண்மை. பாக்கு வாய்ப்புற்றுநோய் தரும், அதுவும் உண்மை. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அதுதான்.

நான் இவ்வளவு எழுதியும் அவர் நம்ப மாட்டார், வேளாண்மைக்காரர் கண்ணால் காணாமல் எதையும் நம்புவதில்லை. ஆகவே ஒரு பரிசோதனை. இரண்டு நாள் சோளன் வீட்டுக்குள் வரக் கூடாது. மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு முழு அவித்த சோளன் கொடுங்கள். அவசரமாக மென்று விழுங்கட்டும், இந்த ஒரு தடவை மட்டும். மணியைக் கலண்டரில் எழுதுங்கள். சோளன் தோலை நம் நொதியம் எதுவும் உடைக்காது, மஞ்சள் மாறாமல் அப்படியே வரும். கை கழுவினதும் அவர் போய் வருகிற அந்த நேரத்தில் சோளன் இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். இருக்காது. பிறகு எப்போது முதல் தோல் தெரிகிறதோ, அந்த மணியையும் பக்கத்தில் எழுதட்டும். நான் செய்து பார்த்தபோது 31 மணி நேரம் வந்தது. கலண்டரில் ‘சோளன்’ என்று எழுதியிருப்பதைக் கண்ட மனைவி, படுவான்கரையில் யாரோ சோளன் மூட்டை தரப் போகிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் கடகத்தைக் காய வைத்திருந்தார். அப்பாவுக்கு எத்தனை மணி நேரம் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள், பிள்ளை.